பொத்தானுக்கு ஒரு துளை

மறுபடியும் ஸ்பூன். எவர்சில்வர் டம்ளர் விளிம்பில் டிங், டிங், டிங். மூன்று தட்டு. முன்சீப் கோர்ட் வாசலில் சிவப்புப் பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு நின்று, வாதி பெயரையும் பிரதிவாதி பெயரையும் மும்மூன்று தரம் கூவியே ரிட்டயர் ஆன டவாலிக்கு இரண்டோடு நிறுத்தவும் தெரியாது, நாலாவது தட்டவும் தெரியாது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள், பழக்கத்தை எடுக்க எந்த டாக்டராலும் முடியவில்லை. இப்போது என்ன வேண்டுமாம்? தண்ணீர்ச் சொம்பு கை எட்டும் தூரத்தில் இருக்கிறது, ஃபேன் ஓடுகிறது, டிவி ரிமோட் மடியில் கிடக்கிறது. ஒன்றும் வேண்டாம், நான் எங்கே இருக்கிறேன் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். போகமாட்டேன். கிருத்திகா போகட்டும், பெற்ற பெண்தானே, அவளுக்காகத்தானே ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாய்க் கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லோரம் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் டிரில் மெஷினை வைத்துக்கொண்டு இந்த அலுமினியப் பெட்டியை முறைத்துக்கொண்டிருக்கிறேன். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதற்குள் என் கணவருக்கு நான் ஒரு குரல் செய்து தர வேண்டும். யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. சிரிப்புக்கு அடியில் இன்னொன்று வருகிறது, அது குமட்டல். ஊரில் எல்லாப் பெண்களும் மகள் நிச்சயத்துக்குப் புடவை எடுத்து வைப்பார்கள், பூ கட்டுவார்கள். நான் மனுஷன் கழுத்தில் வைக்கிற மெஷினுக்குத் துளை போடுகிறேன்.

மெஷின் நன்றாகத்தான் இருந்தது. ஆபரேஷன் முடிந்து ஊருக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியிலேயே பழக்கிக் கொடுத்தார்கள், டார்ச் லைட் மாதிரி ஒன்று, அதன் தலையைத் தாடைக்குக் கீழே அழுத்திப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்தால் உள்ளே இருக்கிற அதிர்வு வார்த்தையாக வெளியே வரும். ஏற்ற இறக்கம் இருக்காது, ஒரே சுருதி, மாவு மில்லுக்குள்ளிருந்து யாரோ பேசுகிற மாதிரி இருக்கும், ஆனால் புரியும். நன்றாகவே புரியும். போன ஞாயிறு கிருத்திகா வந்து, தான் கட்டிக்கொள்ளப்போகிற எழிலரசன் வீட்டிலிருந்து வருகிறார்கள் என்று சொன்னபோது மிக நன்றாகப் புரிந்தது. "நம்ம ஆளுங்க இல்லாதவங்கள நான் வாங்கன்னு கூப்பிட மாட்டேன்" என்று மெஷின் சொல்லியது. அப்புறம் மெஷின் அவர் கையிலிருந்து பறந்து சுவரில் மோதியது. பிளாஸ்டிக் கூடு மூன்று துண்டு. உள்ளே இருக்கிற போர்டு பிழைத்தது, பேட்டரி பிழைத்தது, அதிர்கிற தலை பிழைத்தது. குரலுக்கு எதுவும் ஆகாமல் ஓடு மட்டும் உடைந்தது, அவருக்குப் பொருத்தமாகத்தான் உடைந்திருக்கிறது. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் இருப்பவள், இருபது வருஷமாகப் பையன்கள் உடைப்பதை ஒட்டுவதுதான் என் பிழைப்பு, ஆகவே இதுவும் என் தலையில். "நீ நினைச்சா ஒரு பெட்டியில போட்டுக் குடுத்துடலாம்ல?" என்றாள் கிருத்திகா. நினைத்தால்தானே என்று நாக்கு நுனி வரை வந்தது.

பெட்டி லேபில் கழித்துப் போட்டது. மழை வந்தால் மணியடிக்கும் கருவி செய்கிறோம் என்று எப்போதோ ஒரு பேட்ச் ஆரம்பித்து, மழையும் வரவில்லை, மணியும் அடிக்கவில்லை. வார்ப்பு அலுமினியம், சோப்புப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது, சுவர் நல்ல கனம். மூடியைத் திறந்ததும் மூலையில் கரப்பான் முட்டை, வரிசையாக, பழுப்பாக, பளபளவென்று. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் உடைந்து உள்ளேயிருந்து வெள்ளையாக ஏதோ. சீ. இதைத்தான் அவர் கழுத்தில் வைக்கப் போகிறேன் என்று நினைத்தபோது ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்ததா? இருந்தது. அப்புறம் ஸ்பிரிட் போட்டு மூன்று தரம் துடைத்தேன். மூன்று தரம், பார், எனக்கும் தொற்றிக்கொண்டது. இந்த வீட்டில் எதையும் மூன்று தரம் செய்யாமல் இருக்க முடியாது. கல்யாணமான புதிதில் ஆபீஸ் விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பிப்பார், "குணசுந்தரி... குணசுந்தரி... குணசுந்தரி!" தெருமுனை மளிகைக் கடைக்காரர் வரை கேட்கும். மூன்றாவதற்குள் காப்பியோடு போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால், "பிரதிவாதி ஆஜராகல. எக்ஸ்பார்ட்டி!" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். மாமியார் சிரிப்பார். நான்கூடச் சிரித்திருக்கிறேன். சிரித்த அன்றைக்கு ராத்திரி சாப்பாடு தனியாக, பேச்சு கிடையாது, ஆஜராகாதவளுக்குத் தீர்ப்பு அது.

சரி, டிரில்லில் மாட்டுகிற பிட். செய்தித்தாள் மேல் இரண்டு ஸ்டெப் பிட்டும் கிடக்கின்றன. கூம்பு மாதிரி, படிப்படியாக அகலமாகிக்கொண்டே போகும், ஒரே பிட்டில் சின்னத் துளையும் போடலாம், பெரிய துளையும் போடலாம், எந்தப் படியில் நிறுத்துகிறோமோ அந்த அளவு. அதில்தான் எல்லாம் இருக்கிறது, நிறுத்துவதில். சின்னது லேபில் நான் பொத்திப் பொத்தி வைத்திருப்பது, சாம்பல் நிறம், வெட்டுப் பள்ளம் சுருளாக ஏறும், நாலு எம்.எம்.மில் ஆரம்பித்துப் பன்னிரண்டில் முடியும், ஒவ்வொரு படியும் உயரமாக, தெளிவாக. கையால் பிடிக்கிற டிரில்லுக்குச் சுருள் பள்ளம்தான் நல்லது, மெதுவாக இழுத்துக்கொண்டு போகும், நேர்ப் பள்ளம் வெடுக்கென்று கவ்வி மணிக்கட்டைத் திருகும். பெரியது அந்த ரகம்தான். நேர்ப் பள்ளம், மேலே மஞ்சளாகப் பூச்சு, கவரிங் நகை கெட்டது. முப்பத்திரண்டு வரை போகும், அதனால் அதைத் தவிர வேறு வழியில்லை, அதிர்கிற தலைக்கு இருபத்தெட்டு வேண்டும். ஆனால் அதன் படிகள் மெலிசு. பெட்டிச் சுவர் கனமாக இருக்கும்போது படி மெலிசாக இருந்தால் என்ன ஆகும் என்று பையன்களுக்கு வருஷா வருஷம் சொல்கிறேன், எவனும் கேட்பதில்லை. இருபத்தெட்டு எம்.எம். படி சுவரைத் தாண்டி முடிப்பதற்குள் முப்பது எம்.எம். படி மேலே கடிக்க ஆரம்பித்துவிடும். துளை புனல் மாதிரி ஆகிவிடும், வைத்த சாமான் உள்ளே விழும். அப்புறம் பெட்டி குப்பை. வேறு பெட்டி கிடையாது. இன்றைக்கு ஞாயிறு, கடையும் கிடையாது.

அதாவது, ஒரு விநாடி கூடுதலாக அழுத்தினால் போதும். யாரும் என்னைக் கேட்க முடியாது. பிட் சரியில்லை, படி மெலிசு, சொன்னேனே. குரல் இல்லாத மனுஷர் சோபாவில் உட்கார்ந்து நெஞ்சு வரை கையைத் தூக்கிக் கும்பிடு போட்டால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? ஐயோ பாவம் என்பார்கள், நிச்சயம் நடக்கும், மகள் பிழைப்பாள். குரல் இருந்தால் அப்படி இல்லை. குரல் இருந்து வாங்க என்று சொல்லாவிட்டால் அது செருப்பால் அடித்த மாதிரி. வாங்க சொல்லாத வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தில் அவர்கள் ஜாதியை இழுத்தால்? இழுப்பார். எனக்குத் தெரியும், ஒரு வாரமாக அதைத்தான் உதட்டில் வைத்து மென்றுகொண்டிருக்கிறார், எச்சில் ஓரத்தில் வழிய. நேற்றுப் பிட்டைப் பொறுக்கி வைக்கும்போதே கிருத்திகாவிடம் கேட்டேன், "கையெடுத்துக் கும்பிட்டா போதாதாடி?" என்று. "கும்பிடறதுக்கு அது என்ன கோயிலா?" என்றாள். "அப்பா வாயால வாங்கன்னு ஒரு வார்த்த வரணும்மா. இல்லன்னா நான் ஏதோ திருட்டுத்தனமா ஓடிப்போற மாதிரி இருக்கு. நீ அவர பேச வை, மத்தத நான் பாத்துக்கறேன்." என்ன பார்த்துக்கொள்வாள்? இருபத்தேழு வயது, சென்னையில் வேலை, லாப்டாப்பில் ஊரையே நடத்துகிறாள், இன்னும் அப்பா வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்டு நிற்கிறாள். அதைப் பார்க்கவும் அருவருப்பாக இருக்கிறது. பெற்ற பெண்ணிடம் அருவருப்பா, என்ன ஜென்மம் நான்.

வேலையைப் பார். பெட்டியில் காகித டேப் ஒட்டியாயிற்று, டேப் இருந்தால் பேனாவில் குறிக்கலாம், பிட்டும் வழுக்காது. பெட்டியைக் கையில் பிடித்துப் பார்த்தேன், தலை மேலே, அடி கீழே, தாடைக்கடியில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். கட்டை விரல் விழுந்த பக்கச் சுவரில் ஒரு புள்ளி. அதுதான் பொத்தான். பொத்தான் லேபில் இருந்தது, கனமான எஃகு, ஸ்பிரிங் முரட்டு ஸ்பிரிங், சின்ன அழுத்தலுக்கெல்லாம் அசையாது, நாள்படத் தாங்கும். அடியில் சார்ஜர் சாக்கெட்டுக்கு ஒரு புள்ளி. கழுத்தில் படுகிற அகல முகத்தில், மேல் ஓரமாக, தலைக்கு ஒரு புள்ளி. சென்டர் பன்ச் என்கிற கூரான இரும்புக் குச்சியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு, குழி விழுந்தது. உள்ளேயிருந்து டிங், டிங், டிங். சுத்தியல் சத்தத்தைக் கேட்டுப் பதில் சொல்கிறாராம். பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்கப் பலகை ஒன்றும் இல்லை, கடைசியில் மணைதான் கிடைத்தது, பரணிலிருந்து இறக்கித் துடைத்து நிச்சயத்துக்காகக் கிருத்திகா வைத்திருந்த மணை, மாக்கோலம் பெயின்ட்டில் போட்டது. கவிழ்த்துப் போட்டுக்கொண்டேன். கோலத்துக்குப் பின்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள்? கிளாம்பை முறுக்கினேன், பெட்டி அசையவில்லை.

முதலில் சாக்கெட், எட்டு எம்.எம். எப்போதும் சின்னத் துளையில் ஆரம்பிக்க வேண்டும், கை பழகும். எட்டு எம்.எம். படி முடிகிற இடத்தில் மார்க்கரால் கருப்பு வளையம் போட்டேன், அதற்கு மேல் போகாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதற்கு. இந்த வீட்டில் எனக்கு வேறு யாரும் அப்படிக் கோடு போட்டுக் காட்டியதில்லை, நேராகத் தீர்ப்புதான். பிட் முனையில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய். அலுமினியம் ஒட்டுகிற சாமான், எண்ணெய் விடாமல் வேகமாக ஓட்டினால் உருகிப் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும், அப்புறம் பிட் வெட்டாது, தேய்க்கும், கீச்சென்று பல் கூசும். மெதுவாக, மிக மெதுவாக, விசையைப் பாதிதான் அழுத்தி. வெள்ளிச் சுருள்கள் வந்தன. எல்லாரும் அழகாக இருக்கிறது என்பார்கள். எனக்கு இது என்றைக்கும் பிடித்ததில்லை, ஈரமாக, எண்ணெய் பிசுக்கோடு, நெளிந்து நெளிந்து வருகிறது, புண்ணிலிருந்து வருகிற மாதிரி. சமையலறையிலிருந்து கேசரிக்கு நெய் விடுகிற வாசனை. மண்ணெண்ணெயும் நெய்யும் சேர்ந்து மூக்கில் ஏறின. தலையைத் திருப்பிக்கொண்டேன். காலையிலும் இப்படித்தான் திருப்பிக்கொண்டேன், அவர் கழுத்துத் துளையைத் துடைக்கும்போது. தினமும் காலையில் என் வேலை அது. காலணா அகலம் இருக்கும், அதன் வழியாகத்தான் மூச்சு, இருமினால் அதன் வழியாகத்தான் சளி, சில நாள் சுவரில் போய் ஒட்டும். வெந்நீரில் துணியை நனைத்துச் சுற்றிலும் ஒற்றி எடுக்க வேண்டும். ஓரத்தில் காய்ந்து மஞ்சளாகத் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், அதை இழுத்தால் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வரும். அப்போது மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், இடது கையால், வலது தோள் ஆபரேஷனுக்கப்புறம் தூக்க முடியாது. பிடி இருக்காது, மருந்து ஏற்றியதில் விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது, கட்டை விரலில் மட்டும்தான் தெம்பு. அந்தக் கட்டை விரல் என் நாடியில் அழுந்தும். அன்பு என்று நினைத்துக்கொள்ளலாம் என்றால் முடியவில்லை. பாவம் என்று நினைத்தால் அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது. டர்ர்ர் என்று சத்தம் மாறியது, எட்டு எம்.எம். படி தாண்டும்போது அப்படித்தான் மாறும், விட்டேன். கருப்பு வளையம் மேலேயே நின்றது. முதல் துளை.

"முடிஞ்சிடுமாம்மா?" கிருத்திகா கதவுப் பக்கம் நின்றாள், தலைக்குக் குளித்த ஈரம், துண்டு சுற்றியிருந்தாள். "முடியும்." "இது நம்ம மணை இல்ல?" "ஆமா." "ஓட்ட விழுந்துடாதா?" "அடிப்பக்கம்தான்." பார்த்தாள். "அப்பா கூப்பிடறார்" என்றாள். "உன்னத்தான் கூப்பிடறார். நான் போனா மூஞ்சியத் திருப்பிக்கறார்." எனக்குச் சுருக்கென்றது. ஒரு வாரமாக அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை அந்த மனுஷர், பெற்ற மகள், அவர் காய்ச்சலில் கிடந்தபோது லீவ் போட்டுவிட்டு வந்து ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்தவள். அவர் வாயிலிருந்து வரப்போகிற ஒரு வார்த்தைக்காக நான் இங்கே எட்டு எம்.எம்., பன்னிரண்டு எம்.எம். என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "போய்த் தல காய வை" என்றேன். குரல் கடுமையாக வந்தது. என் குரல் எப்போதும் வேண்டாத இடத்தில்தான் கடுமையாக வரும்.

பன்னிரண்டு. சாம்பல் பிட்டின் கடைசிப் படி, அதற்கு மேல் பிட்டே கிடையாது, தவறாது. சுலபமான துளை. கை தானாக ஓடியது, மனசு வேறெங்கோ போயிற்று. இந்த ஒரு வருஷம் வீடு எவ்வளவு அமைதியாக இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. புருஷனுக்குக் கேன்சர், உனக்கு அமைதியா என்பார்கள். உண்மை அதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் சாயங்காலம், அவருக்கு மெஷின் இன்னும் கைவரவில்லை, நான் அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றேன், பால் பொங்குகிற சத்தம் கேட்டது. இந்த வீட்டில் பால் பொங்கும்போது ஒரு சத்தம் வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அடுப்பை அணைக்காமல் கேட்டுக்கொண்டே நின்றேன், பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் தீய்ந்துபோயிற்று. அப்புறம்தான் ஸ்பூன் வந்தது, மெஷின் பேசுவதற்கு, ஸ்பூன் என்னைக் கூப்பிடுவதற்கு. ஸ்பூன் குரலை விட மோசம். குரலுக்காவது என் பெயர் தெரியும். டம்ளர் சத்தத்தில் நான் யாரும் இல்லை. அப்படியானால் குரலே வரட்டும் என்கிறேனா? இல்லை. இரண்டும் வேண்டாம். இரண்டும் இல்லாமல் ஒரு மனுஷரை வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்ன? பிட் அடியில் மணையைத் தொட்டது, மரத்தூள் வாசனை வந்தது, விட்டேன். துளை வாயில் பிசிறு, தொட்டால் கீறும். கை விரலில் ஏற்கெனவே கீறி ரத்தம் வந்து எண்ணெயோடு குழைந்திருந்தது, கவனிக்கவே இல்லை. கவரிங் பிட்டை எடுத்து அடுத்த படியால் வாயை லேசாக ஒரு சுற்றுச் சுற்றினேன், பிசிறு போயிற்று. பொத்தானைப் போட்டுப் பார்த்தேன், கச்சிதம், நட்டைப் போட்டு இறுக்கினால் சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது.

இனி தலை. இதற்குத்தான் இவ்வளவு நேரமும் பயந்துகொண்டிருக்கிறேன். பெட்டியைப் படுக்கப் போட்டுக் கிளாம்பில் இறுக்கினேன். கவரிங் பிட்டை மாட்டினேன். இருபத்தாறு எம்.எம். படிக்குக் கருப்பு வளையம். இருபத்தாறோடு நிறுத்திவிட்டு, மிச்சத்தை அரைவட்ட அரத்தால் ராவி எடுப்பதுதான் சரியான வழி, நேரம் பிடிக்கும், ஆனால் சரியாக வரும். சரியாக வர வேண்டுமா? அழுத்தினேன். பத்து, பன்னிரண்டு, பதினாலு. பிட் கவ்வியது, மணிக்கட்டு திருகியது, விட்டு மறுபடி எண்ணெய் விட்டேன். பதினெட்டு. இருபது. ஒவ்வொரு படியும் தாண்டும்போது ஒரு துள்ளல், ஒரு சத்தம், சுருள் தடிமனாகிக்கொண்டே வந்தது, மடியில், புடவையில், முழங்கையில். வரட்டும், அந்தப் பெட்டி அவர் கழுத்துக்குப் போகட்டும், மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நிற்க இவர் வாயைத் திறக்கட்டும், கிருத்திகாவின் முகம் சுருங்கட்டும், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். இருபத்திரண்டு. எனக்கு என்ன வந்தது, இல்லாவிட்டால் நான் விசையை விடாமல் இருந்தாலே போதும், துளை தானாகக் கெடும். இருபத்து நாலு. கெடுத்தால் என்ன? இவர் என் பொழுதை எத்தனை தரம் கெடுத்தார்? ஆனால் இருபது வருஷமாக நான் ஒரு துளை தப்பாகப் போட்டதில்லை. லேபில் என் பெட்டியென்றால் பிரின்சிபால்கூடக் கையில் எடுத்துப் பார்ப்பார். இவருக்காக நான் அதை விட வேண்டுமா? இவர் பொருட்டு என் கையைக் கேவலப்படுத்திக்கொள்ள வேண்டுமா? இருபத்தாறு. கருப்பு வளையம் அலுமினியத்தைத் தொட்டது, கொஞ்சம் அழிந்தது. விட்டேன். எனக்குக் கெடுக்கக்கூடத் தெரியவில்லை என்று கோபம் வந்தது, அப்படிக் கோபம். அரத்தை எடுத்துக்கொண்டு ராவ ஆரம்பித்தேன், சுற்றிச் சுற்றி, தலையை வைத்து வைத்துப் பார்த்து, கடைசியில் கட்டை விரலால் ஒரு அழுத்து, டப்பென்று உட்கார்ந்தது. அழகாக இருந்தது. எச்சில் துப்ப வேண்டும் போல இருந்தது.

ஒரு சுருள்கூட உள்ளே இருக்கக் கூடாது, போர்டில் விழுந்தால் ஷார்ட். பிரஷ்ஷால் துடைத்து, ஊதி, மறுபடி ஸ்பிரிட். ஒயர்களைச் சாலிடர் வைத்து, பேட்டரியை ஸ்பாஞ்சில் சுற்றி உள்ளே திணித்து, மூடியைப் போட்டு நாலு திருகாணியையும் முறுக்கினேன். பொத்தானை அழுத்தினால் பெட்டி உறுமியது. உறுமினால் போதாது, பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்க ஆள் கிடையாது, என் கழுத்தைத் தவிர. தாடைக்கடியில் வைத்தேன், மூச்சைப் பிடித்துக்கொண்டேன், தொண்டையில் சத்தம் வராமல் வாயை மட்டும் அசைக்க வேண்டும். என்ன சொல்வது? ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. இந்த முப்பது வருஷத்தில் என் நாக்கு அவர் பெயரைச் சொன்னதில்லை, ஆஸ்பத்திரி கவுன்டரில் கேட்டபோதுகூட ஆதார் கார்டைத்தான் நீட்டினேன். அழுத்தினேன். "தணிகாசலம்." மாவு மில்லுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள். நான் இல்லை, மெஷின்தான். "தணிகாசலம்." உள்ளே டம்ளர் நின்றது. சோபா கிறீச்சென்றது. மூன்றாவது தரம் கூப்பிட வாயெடுக்கும்போதே அவர் வந்து நின்றுவிட்டார், கொல்லைக் கதவில், ஸ்பூன் கையில். சட்டையின் மேல் பட்டனைக் கட்டை விரலால் அவசரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். நீதிபதி கூப்பிட்டால் அப்படித்தான் போய் நிற்பார்.

என் முகத்தையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பார்வையில் கோபம் இல்லை, குழப்பம்தான். அப்புறம் இடது கையை நீட்டினார், உதடு "குடு" என்றது. கொடுத்தேன். தாடைக்கடியில் வைத்தார். கட்டை விரல் பெட்டியில் ஊர்ந்தது, தடவியது, ஒன்றும் இல்லை. பொத்தான் இன்னொரு பக்கம் இருந்தது, மரத்த விரல் நுனிகள் படுகிற பக்கம். அவற்றால் அழுத்திப் பார்த்தார். முரட்டு ஸ்பிரிங், அசையவில்லை. பெட்டியைத் திருப்பினார், கட்டை விரல் பொத்தானைத் தொட்டது, ஆனால் தலை கழுத்தை விட்டு வெளியே பார்த்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் புள்ளி வைத்தது என் வலது கையில் பிடித்துப் பார்த்து. என் கட்டை விரலுக்கு. இவர் இடது கை என்பது எனக்குத் தெரியாதா? காலையில்கூட அந்தக் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்ததே. தெரியாமல் வைத்தேனா? சத்தியமாகத் தெரியாமல்தான். சத்தியமாகவா? கை வைத்தது, மனசு வைக்கவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள், நானே நம்பவில்லை. நாளைக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டுக் கொடுத்தால் தீர்ந்தது. நாளைக்கு. வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "அம்மா, வந்துட்டாங்க!"

கையைக் கழுவ நேரமில்லை. மண்ணெண்ணெய் வாசனையோடும் புடவையில் ஒட்டிய சுருளோடும் நான் அவரோடு கூடத்துக்குப் போனேன். பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கி நானே அவர் தாடைக்கடியில் வைத்தேன், என் கட்டை விரல் பொத்தானில் தானாகப் போய் உட்கார்ந்தது. பார்க்கிறவர்களுக்குப் பதிவிரதை. எழிலரசன் தாம்பாளத்தோடு நின்றான், அவன் அம்மா எங்களைப் பார்த்ததும் கண் கலங்கி முந்தானையை எடுத்தார். கிருத்திகா மூச்சு விடாமல் அப்பா வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்தினேன். கொஞ்ச நேரம் வெறும் உறுமல். அப்புறம், "வாங்க." ஒரே சுருதியில், தெளிவாக. கிருத்திகா அழுதுவிட்டாள். அவர் உதடு அங்கே நிற்கவில்லை, அடுத்த வார்த்தைக்குத் திறந்தது. நான் விரலை எடுத்துவிட்டேன். உதடு அசைந்துகொண்டே இருந்தது, நீளமாக, ஏதோ ஒரு முழு வாக்கியம். ஒரு வருஷமாக நான் படிக்கிற உதடு, பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், சாபமா வாழ்த்தா என்று. நான் தாம்பாளத்தில் இருந்த ஆரஞ்சுப் பழங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சிரமப்படாதீங்கண்ணா, வாங்கன்னு சொன்னீங்களே, அதுவே போதும்" என்றார் அந்த அம்மா. என் கணவர் வாயை மூடி என் பக்கம் திரும்பினார். கண்ணில் தண்ணீர் இருந்தது, காலையில் அந்தத் தோலை உரிக்கும்போது வருமே, அதே தண்ணீர். அவர் கட்டை விரல் என் மணிக்கட்டைத் தேடி வந்து அழுத்தியது, ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். அருவருப்பாக இருந்தது, இந்தத் தடவை அவர் மேல் இல்லை. விரலை நான் பொத்தானில் திரும்ப வைக்கவில்லை.